பாம்புக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் கதவு: 3 மி.மீ. கழற்றி 5 மி.மீ. போட்ட வேலை

கூண்டு 16 மி.மீ. வெள்ளை மெலமைன் பலகையில் அடித்தது. வெளி நீளம் 1200 மி.மீ., உள் அகலம் 1168, ஆழம் 500, உள் உயரம் 480. முன்பக்கம் கீழே 80 மி.மீ. பலகை மறைப்பு, அதற்கு மேல் கதவு நிற்கும் திறப்பு 400. குடியிருப்பது வளர்ந்த கார்ன் ஸ்னேக் ஒன்று. முதலில் 3 மி.மீ. பெர்ஸ்பெக்ஸில் (அதாவது அக்ரிலிக் தகட்டில்) இரண்டு சறுக்குக் கதவு போட்டது தென்னாப்பிரிக்காவில் டர்பனின் ஒரு கோடையைத் தாங்கவில்லை. பிப்ரவரிக்குள் கதவுகள் தடத்தில் இறுகின. இரண்டு தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடுப்பகுதியில் சுண்டுவிரல் போகிற சந்து விழுந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு 5 மி.மீ.இல் புதிதாக வெட்டிப் போட்ட ஜோடி அடுத்த கோடையின் புழுக்கத்தையும் குளிர்கால பெர்க் காற்றையும் பார்த்துவிட்டது. இப்போதும் ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிறது.

சந்து விழுந்ததற்கு வெட்டைக் குறை சொல்ல முடியாது. 3 மி.மீ. கதவும் அளவுப்படிதான் இருந்தது. அக்ரிலிக் வெப்பத்துக்கும் நீளும், ஈரத்தைக் குடித்தாலும் நீளும். கூண்டுக்கு உள்ளே விளக்குச் சூடு, தண்ணீர்த் தொட்டியின் ஈரம். வெளியே அறைக் காற்று. உள்முகம் நீண்டு வெளிமுகம் அப்படியே நிற்கும்போது தகடு உள்நோக்கி வயிறு தள்ளும். வளைந்த தகடு நேரான தடத்தில் மூன்று இடத்தில் உரசி இறுகும். பிடிப்பில்லாத ஓரங்கள் விலகும். பெர்க் காற்று வந்தாலும் முடிவு அதே: குளிர்காலத்தின் நடுவே உள்நாட்டிலிருந்து இறங்கும் சூடான வறண்ட காற்றில் அறையின் ஈரம் சில மணி நேரத்தில் போய்விடும், வெளிமுகம் சுருங்கும், வளைவு இன்னும் கூடும். ஆகவே தகடு அசைய இடம் விட வேண்டும். அந்த இடம் பாம்புக்கு வழியாகிவிடவும் கூடாது. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த இழுபறியில் வந்தவைதான்.

கண்ணாடியே போட்டிருக்கலாமே என்றால், போடலாம். 4 மி.மீ. கண்ணாடி ஈரத்துக்கு வளையாது, கீறாது. ஆனால் இந்த அளவில் ஒரு கதவு 2.4 கிலோ வரும், 5 மி.மீ. அக்ரிலிக் 1.4 கிலோ. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கூண்டுகள், சின்னப் பிள்ளைகள் ஓடும் வீடு, அவ்வப்போது பேக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி இடம் மாற்றும் வேலை என்றால் அந்த ஒரு கிலோவும் உடையாத தன்மையும் பெரிய விஷயம். வீட்டிலேயே வெட்டலாம், துளைக்கலாம் என்பது இன்னொன்று. பியர்டட் டிராகன் என்ற பல்லி இனத்துக்கு மட்டும் அக்ரிலிக் வேண்டாம். நகத்தால் சுரண்டியே கீழ்ப்பாதியை மங்கலாக்கிவிடும்.

தகடு வாங்கும்போது

அக்ரிலிக் இரண்டு வகை: அச்சில் வார்த்தது, இயந்திரத்தில் பிழிந்தது. அறுக்கவும் துளைக்கவும் வார்த்த தகடுதான் நல்லது. பிழிந்த தகடு சீக்கிரம் இளகி ரம்பப் பல்லில் ஒட்டும்; பசை பட்டாலும் ஸ்பிரிட் பட்டாலும் மயிரிழை வெடிப்பு விடும். விலை குறைவு என்பதால் கடையில் கேட்காமலே அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

வார்த்த தகட்டுக்கும் ஒரு குணம் உண்டு, அது தடிமன் சீராக இல்லாதது. ஐ.எஸ்.ஓ. தரத்தில் அனுமதித்த வித்தியாசமே 0.4 மி.மீ.யோடு தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டியது. 5 மி.மீ. தகடு என்று விற்பது 4.1 ஆகவும் இருக்கலாம், 5.9 ஆகவும் இருக்கலாம். இரண்டும் குறையில்லாத சரக்குதான். வெர்னியரைக் கையோடு கொண்டுபோய் நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பது இதனால்தான். வாங்கிய துண்டு ஒரு ஓரம் 4.8, எதிர் ஓரம் 5.2. கதவு ஓடும் தடத்தின் காடி, அதாவது பள்ளம், 6.5 அகலம் என்பதால் ஒத்துக்கொண்டது. இதே தகட்டை 5.5 காடியில் ஓட்டியிருந்தால் ஒரு முனை தடையில்லாமல் போயிருக்கும், மறுமுனை மழை நாளில் நின்றிருக்கும்.

முழுத் தகடு வாங்கத் தேவையில்லை. விளம்பரப் பலகை செய்யும் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு மூலையில் சாத்தியிருக்கும். இரண்டு கதவுக்கு 620 × 400 அளவில் இரண்டு துண்டு கிடைத்தால் போதும். தகடு, தடம், பூட்டு, ரம்பத் தட்டு தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரேண்டுக்குள் முடிந்தது. துண்டு வாங்கும்போது மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளை ஒரு மூலையில் உரித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் மாதக்கணக்காக நின்ற துண்டில் தாளின் பசை இறுகி உரியவே உரியாது.

அளவு

அகலத்தில் தலைவலி இல்லை. உள் அகலம் 1168, நடுவில் ஏறுமானம் 40. கூட்டி இரண்டால் வகுத்தால் கதவு ஒவ்வொன்றும் 604. வெயில் நாளில் 20 பாகை ஏறினால் இந்த நீளத்தில் 0.85 மி.மீ. நீளும், அது ஏறுமானத்தில் கரைந்துவிடும், யாருக்கும் தெரியாது.

உயரம்தான் விஷயம். இரட்டைக் காடித் தடத்தில் மேல் தடம் ஆழமாகவும் கீழ்த் தடம் ஆழம் குறைவாகவும் இருக்கும். இங்கே மேல் காடி 14 ஆழம், கீழ்க் காடி 6, இரண்டின் அடிப்பாகமும் 1.5 தடிமன். திறப்பு 400இல் இரண்டு அடிப்பாகமும் போனால் காடியின் அடியிலிருந்து காடியின் அடி வரை 397. கதவை மேல் காடிக்குள் முழுதாக ஏற்றினால்தான் அதன் அடி ஓரம் கீழ்க் காடியின் உதட்டைத் தாண்டி உள்ளே வரும். 397இல் 6 போக 391. கை அசைய ஒன்று விட்டால் 390. கீழே இறக்கி வைத்த பின் மேல் ஓரம் மேல் காடிக்குள் எவ்வளவு நிற்கும்? மேல் ஆழம் கழித்தல் கீழ் ஆழம் கழித்தல் அந்த ஒன்று: 7 மி.மீ. இந்தக் கணக்கு 5க்குக் கீழே வந்தால் அந்தத் தடம் வேண்டாம். அக்ரிலிக் வளையும் பொருள். பாம்பு மூக்கால் நடுவில் தள்ளினால் 3 மி.மீ. பிடிப்பிலிருந்து கதவு நழுவிவிடும்.

திறப்பை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: இரண்டு முனை, நடு. 3 மி.மீ. கதவு போட்ட காலத்தில் முனைகளில் 400 இருந்தது, நடுவில் 398தான். மேலே அடுக்கிய கூண்டின் பாரத்தில் 16 மி.மீ. பலகை தொய்ந்திருந்தது. கதவு இறுகியதில் இதற்கும் பங்கு உண்டு. மேல் பலகையின் முன் ஓரத்தில், வெளிப்பக்கமாக, 70 மி.மீ. அகலப் பலகைப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தித் திருகியதும் மூன்று இடத்திலும் 400 வந்தது. பலகையை நிமிர்த்தாமல் கதவைக் குட்டையாக வெட்டுவது குறுக்கு வழி. நடுவில் சரியாக இருக்கும், முனைகளில் பிடிப்பு 2 மி.மீ. குறையும்.

அறுத்தல்

3 மி.மீ. தகட்டைக் கீறி முறிக்கலாம். இரும்பு அளவுகோலை கிளாம்ப் போட்டு, கீறு கத்தியால் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தில் முறித்தால் வேலை முடிந்தது. 5 மி.மீ.இல் இதை முயல வேண்டாம். முறிவு கோட்டை விட்டு ஓடினால் தகடு போச்சு.

கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் (சர்க்குலர் சா), பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் என்று விற்கும் கார்பைடு பல் தட்டு, 190 மி.மீ. விட்டத்துக்கு 60 பல். மரத்துக்கு வரும் 24 பல் தட்டு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். தகட்டுக்கு அடியில் வேண்டாத பலகை ஒன்றைப் போட்டு, மேலே வழிகாட்டிப் பட்டையை கிளாம்ப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் தகடு அசையாமல் இறுகியிருக்க வேண்டும். தகடு அதிர்ந்தால்தான் சில்லு தெறிக்கும். தட்டின் ஆழம் தகட்டுக்குக் கீழே 3 மி.மீ. போதும். பாதுகாப்புத் தாளை உரிக்கவே கூடாது. கோடு போடுவதும் அதன்மேல்தான்.

தள்ளும் வேகத்தைத் துருவல் சொல்லிவிடும். தேங்காய்த் துருவல் போல உலர்ந்து உதிர்ந்தால் சரி. இழையாக நீண்டு, பழ வாசனை போன்ற ஒரு இனிப்பு நெடி வந்தால் தட்டு ஒரே இடத்தில் சுழன்று தகட்டை உருக்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும். அப்படியே விட்டால் அறுத்த வழி பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டு முடியும் கடைசி 30 மி.மீ.இல் மட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும், மூலை பெயர்வது அங்கேதான். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

ஜிக்சா நேர்க்கோட்டு வேலைக்கு ஆகாது. வேறு வழியில்லை என்றால் உலோகத்துக்கான நுண்பல், பிளேடின் முன்பின் ஆட்டம் பூஜ்யம், வேகம் பாதி, வெட்டின்மேல் சோப்புத் தண்ணீர் தெளிப்பு. அப்படியும் 2 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டி, பிறகு பட்டை வைத்துச் சீவி அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பட்டறையில் லேசரில் வெட்டித் தருவார்கள். அளவு துல்லியம், ஓரம் பளபளக்கும். ஆனால் அந்த ஓரத்தில் உருகி உறைந்த இறுக்கம் நிற்கும். அதில் ஸ்பிரிட் பட்டால் சிலந்தி வலையாக வெடிப்பு ஓடும். லேசர் வெட்டு வாங்கினால் ஓரத்தை வாட்டர் பேப்பரால் ஒரு முறை தேய்த்துவிடுவது நல்லது.

கதவுகள் 605 × 391க்கு வெட்டப்பட்டன. அந்த ஒரு மி.மீ. ஓர வேலைக்கு.

ஓரம்

ஹேக்சா பிளேடின் முதுகை ஓரத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் மெல்லிய சுருளாக அக்ரிலிக் சீவி வரும். ரம்பத் தடம் மறையும்வரை நாலைந்து இழுப்பு. பிறகு மரக்கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு: 240, 400, 600. தடத்தில் ஓடும் மேல், கீழ் ஓரங்களுக்கு 600 போதும். கூர்மை போக அரை மி.மீ. சரிவு மட்டும் கொடுக்க வேண்டும், கூர்மையான ஓரம் தடத்தைச் சீவித் தூளாக்கும். கண்ணுக்குத் தெரியும் செங்குத்து ஓரங்களை 1200 வரை கொண்டுபோய் கார் கட்டிங் பாலிஷ் தேய்த்தால் தெளிந்துவிடும்.

தீச்சுடர் காட்டிப் பளபளப்பாக்கும் வித்தை வேண்டாம். லேசர் ஓரத்துக்குச் சொன்ன அதே கோளாறு இங்கே இன்னும் மோசமாக வரும்.

தடமும் கைப்பிடியும்

தடம் உள் அகலத்துக்கு 2 மி.மீ. குறைவாக, 1166. பிளாஸ்டிக் தடமும் நீளும் பொருள்தான். சுவரோடு சுவர் இறுக்கி வைத்தால் கோடையில் நடுவில் எழும்பும். திருகு போட்டால் தலை காடிக்குள் நிற்கும், ஆகவே சிலிகோன் வைத்து மாஸ்கிங் டேப்பால் 24 மணி நேரம் கட்டி வைப்பது வசதி. மேல் தடமும் கீழ்த் தடமும் தூக்குக் குண்டு வைத்தால் ஒரே கோட்டில் வர வேண்டும். 2 மி.மீ. முன்பின் இருந்தாலும் கதவு சாய்ந்து நின்று ஒரு பக்கமே தேயும். புளிப்பு வாசனை வரும் வகை சிலிகோன் என்றால் வாசனை முற்றிலும் போகும்வரை கூண்டு காலியாக நிற்கட்டும்.

கைப்பிடிக்கு ஓட்டை போடும் பழக்கம் உண்டு. பாம்புக் கூண்டில் அது தேவையில்லாத வாசல். மிஞ்சிய துண்டில் 60 × 12 அளவுப் பட்டை வெட்டி, அக்ரிலிக் பசையால் நிறுத்தி ஒட்டினால் விரல் பிடிக்கப் போதும். டைகுளோரோமீத்தேன் கலந்த அந்தப் பசை தண்ணீர் மாதிரி இருக்கும். பட்டையை இடத்தில் வைத்துவிட்டு ஊசிக்குழாயால் ஓரத்தில் விட்டால் தானே இடுக்கில் ஊறிப் போகும். சொட்டு சிந்திய இடம் நிரந்தரத் தழும்பு. ஆகவே ஒட்டும் இடத்தில் மட்டும் தாளை வெட்டி எடுத்து, மிச்சத்தை மூடியே வைக்க வேண்டும். இந்த வேலை திறந்த வெளியில். பசையின் ஆவி நமக்கும் ஆகாது, பாம்புக்கும் ஆகாது. ஒட்டிய கதவை ஒரு வாரம் வெளியே காற்றாட நிறுத்தியபின் கூண்டுக்குக் கொண்டு போகலாம்.

பின்கதவின் கைப்பிடி எங்கே என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். அது முன்கதவின் ஓரத்தில் இடித்து நிற்கும். வலப்பக்கம் பின்கதவு என்றால் பட்டையை அதன் வலது ஓரத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒட்டினால், எந்தக் கதவைத் தள்ளினாலும் 532 மி.மீ. திறக்கும். கதவின் நடுவில் ஒட்டினால் திறப்பு பாதியாகும், கையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து நுழையாது.

தூக்கினால் கழலும் கதவு

இந்த வகைக் கதவின் பலவீனம், போடும் வழியே கழலும் வழியும் என்பது. 6 மி.மீ. உயர்த்தினால் கீழ்க் காடியிலிருந்து வெளியே. ஷோகேஸ் பூட்டு இதைத் தடுக்காது. அதன் பல் பட்டை பின்கதவின் ஓரத்தைக் கவ்வி இரண்டு தகட்டுக்கும் நடுவே வரும், பூட்டு முன்கதவின் ஓரத்தோடு இறுகும். பக்கவாட்டில் நகர முடியாது, அவ்வளவுதான். கார்ன் ஸ்னேக் இரவெல்லாம் ஓரங்களை மூக்கால் நெம்பிக்கொண்டிருக்கும் சாதி. 3 மி.மீ. கதவு 0.84 கிலோதான், அந்த எடை அதற்கு ஒரு பொருட்டல்ல.

தீர்வு மேல் காடிக்குள் இருக்கிறது. கதவு இறங்கி நிற்கும்போது அதற்கு மேலே காடியில் 7 மி.மீ. வெற்றிடம். 4.5 மி.மீ. உயரம், 500 மி.மீ. நீளத்தில், காடிக்குள் இறுக்கமாக அமரும் அகலத்துக்கு ஒரு மரச் சட்டம் சீவிக்கொள்ள வேண்டும். இடப்பக்கக் கதவை வலப்பக்கம் முழுதாகத் தள்ளினால் முன் காடியின் இடப்பாதி காலியாகும். அங்கே சட்டத்தை அழுத்தி வைத்துவிட்டுக் கதவை அதன் இடத்துக்குக் கொண்டுவரலாம். பின் காடியின் வலப்பாதிக்கும் இப்படியே. இனி மூடிய நிலையில் கதவு 2.5 மி.மீ.க்கு மேல் எழும்பாது. சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமானால் கதவை மறுபாதிக்குத் தள்ளித் தூக்கினால் போதும், சட்டத்தைத் தொடவே வேண்டாம். பூட்டுப் போட்டிருந்தால் மறுபாதிக்குத் தள்ளவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கூண்டு பூட்டியது என்று சொல்லலாம்.

பூட்டை அக்ரிலிக் ஓரத்தோடு நெரித்து இறுக்கக் கூடாது. சைக்கிள் டியூப் ரப்பரில் ஒரு சின்னத் துண்டை நடுவில் வைத்தால் ஓரம் பெயராது.

நடுச் சந்து

காடிகளுக்கு நடுவில் உள்ள சுவர் 2 மி.மீ.; ஒவ்வொரு தகட்டுக்கும் காடியில் 1.5 மி.மீ. ஆட்டம். ஆகவே இரண்டு தகட்டுக்கும் நடுவே சந்து 2 முதல் 5 மி.மீ. வரை மாறும். வளர்ந்த பாம்புக்கு இது ஒன்றுமில்லை. பொரித்துச் சில வாரமான குட்டிக்கு 5 மி.மீ. ஒரு வாசல், தலை நுழைந்தால் உடம்பு பின்னாலேயே போகும். குட்டி வைக்கும் கூண்டில் எந்த ஓரத்திலும் 3 மி.மீ.க்கு மேல் விடக் கூடாது.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் வரும் பிரஷ் பட்டையை, முன்கதவின் பின்முகத்தில் ஏறுமானத்துக்குள் செங்குத்தாக ஒட்டினால் சந்து அடைபடும், கதவும் ஓடும். பூட்டின் பல் பட்டை போகும் உயரத்தில் மட்டும் ஒரு சின்ன வெட்டு விட வேண்டும். மயிர் 5 மி.மீ. உயரம் போதும், அதற்கு மேல் என்றால் தகடுகளைத் தள்ளி விலக்கும். பட்டையின் பசை முழுவதும் பட்டைக்கு அடியிலேயே மறைந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் எங்கேயும் ஒட்டும் டேப் வெளியே தெரியக் கூடாது. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்கும்போது செதிலோடு தோல் வரும்.

சோதனைக்கு ஊதுவத்தி. பாம்பை விடுவதற்கு முன், விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கூண்டைச் சூடாக்கிவிட்டு, கதவின் ஓரமெல்லாம் வெளிப்பக்கமாகப் புகையைக் காட்டிக்கொண்டு வந்தால் காற்றுப் போகும் இடம் தெரியும். புகை மேல் தடத்தில் முனைகளிரண்டிலும் மேல் நோக்கித் துள்ளியது. கீழ்த் தடத்தின் முனைகளில் உள்ளே இழுபட்டது. தடத்தை 2 மி.மீ. குறைத்து வெட்டியதால் வந்த இடைவெளி அது. நான்கு மூலைக்கும் ஒரு துளி சிலிகோன் அடைத்ததும் நின்றது. மின்சாரம் மணிக்கணக்கில் போகும் குளிர்கால இரவில் இந்த நாலு துளிக்கும் வேலை உண்டு. காற்றோட்டத்துக்குப் பக்கச் சுவரில் போட்ட வலைத் துளைகள் இருக்கின்றன. கதவைத் துளைத்துக் காற்று விடுவது நல்ல யோசனை அல்ல, ஒவ்வொரு துளையும் ஒரு வெடிப்பின் தொடக்கப் புள்ளி.

கீல் கதவென்றால்

ஈரம் அதிகம் கேட்கும் இனங்களுக்கு, பால் பைத்தானுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், சறுக்குக் கதவைவிட ஒற்றைக் கீல் கதவு மேல். சந்துகள் குறைவு, ஈரம் நிற்கும். ஆனால் தகட்டை நேராகக் கீலில் திருகித் தொங்கவிட்டால் ஒரே மாதத்தில் பூட்டுக்கு எதிர்மூலை வெளிநோக்கி விரியும். மரச்சட்டம் அடித்து, அதன் காடியில் தகட்டைச் சுற்றிலும் 2 மி.மீ. இடம் விட்டு உட்காரவைத்தால் தகடு தன் பாட்டில் நீளும், சட்டம் நேராக நிற்கும். சட்டத்தின் பிடிப்பில்லாத பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பூட்டு. நடுவில் ஒரே ஒரு பூட்டுப் போட்ட கதவின் மூலையில் தலையை நுழைத்து நெம்புவது பாம்புக்குக் கைவந்த கலை.

தகட்டிலேயே துளையிட வேண்டிவந்தால், சாதாரண டிரில் பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்வி ஏறி உடைக்கும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் பாதுகாப்பானது. இல்லையென்றால் பிட்டின் வெட்டுமுனைக் கூர்மையை எண்ணெய்க் கல்லில் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளலாம். அடியில் பலகை, மெதுவான சுழற்சி, நடுநடுவே தூக்கித் துருவலை எடுத்தல். 4 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளை, நடுவில் ரப்பர் வாஷர், தலை தட்டையான திருகு. கூம்புத் தலைத் திருகு ஆப்பு வேலை செய்து தகட்டைப் பிளக்கும். துளையின் ஓரத்துக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 12 மி.மீ. விட வேண்டும்.

பிரவுன் ஹவுஸ் ஸ்னேக் போன்ற உள்நாட்டு இனத்துக்குக் கூண்டு கட்டுகிறவர்கள் பலகை வாங்குமுன் மாகாண அனுமதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் அதற்கு எசெம்வெலோ என்ற வனவிலங்கு அமைப்பு.

சில வில்லங்கங்கள்

சூட்டு விளக்கும் கதவும் 200 மி.மீ.க்குள் நெருங்கக் கூடாது. 80 பாகையை நெருங்கும்போதே அக்ரிலிக் விறைப்பை இழக்கத் தொடங்கும். புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி. விளக்கு கூண்டுக்கு உள்ளேதான். சாதாரண அக்ரிலிக் வழியாக அந்தக் கதிர் வராது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்காகக் கூண்டை ஜன்னல் வெயிலில் வைப்பது ஆபத்து. மூடிய பெட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும்.

துடைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப், பழைய பருத்திப் பனியன். மெத்திலேட்டட் ஸ்பிரிட், தின்னர், அம்மோனியா கலந்த ஜன்னல் திரவம் மூன்றும் ஆகாது. பேப்பர் டவலும் நாளடைவில் மங்கலாக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பிடித்து மரத்தூள் முழுதும் கதவில் வந்து ஒட்டும். கீழ்க் காடியில் மரத்தூள் சேர்ந்தால் கதவு ஏறி நிற்கும், மேல் பிடிப்பு மட்டும் கூடியதாகத் தெரியும். பழைய பல் துலக்கும் பிரஷால் வாரம் ஒரு முறை தள்ளிவிட்டு மெழுகுவர்த்தியை ஒரு தரம் ஓடவிட்டால் போதும்.

5 மி.மீ. தகடும் கொஞ்சம் வயிறு தள்ளத்தான் செய்கிறது. மார்ச் மாதத்தில் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் கூட. கழற்றி, உள்முகம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டால் தானே நேராகிவிடுகிறது. திருப்பினால் கைப்பிடி உள்ளே போய்விடும் என்பதால் முன்கதவைத் திருப்ப முடிவதில்லை, இடித்துக்கொள்ளும். அடுத்த கூண்டில் ஒட்டிய கைப்பிடி வேண்டாம், தகட்டின் ஓரத்தில் மாட்டிக் கழற்றும் ரப்பர் வரிசையிட்ட யு வடிவப் பிடி போதும் என்று முடிவு. மேல் தடமும் 16 ஆழத்தில் கிடைத்தால் பிடிப்பு 9க்கு ஏறும். அப்போது கதவின் உயரமும் மாறாது, மரச் சட்டத்தின் உயரமும் மாறாது. திறப்பு 500ஐத் தாண்டும் பெரிய கூண்டுக்கு மட்டும் 4 மி.மீ. கண்ணாடிதான்; அங்கே 6 மி.மீ. அக்ரிலிக் வாங்கும் காசுக்குக் கண்ணாடியை ஓரம் தேய்த்தே தருகிறார்கள்.